அதிபர் மன்னித்தவர்களை வெர்ஜீனியா விசாரிக்க முடியுமா?

கேள்வி: ஃபேர்ஃபாக்ஸ் கவுன்ட்டியில் பதினெட்டு வருடமாக இருக்கிறோம். குடியுரிமை வாங்கி, எல்லாத் தேர்தலிலும் வாக்களிக்கிறோம். 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிடலைத் தாக்கியவர்களுக்கு அதிபர் டிரம்ப் மன்னிப்பு கொடுத்தது எங்களால் ஜீரணிக்க முடியாத விஷயம். அதிபரின் மன்னிப்பு மாநிலக் குற்றங்களைத் தொடாது என்றும், ஓத் கீப்பர்ஸ் என்ற ஆயுதக் குழுவின் ஆட்கள் துப்பாக்கிகளை வைத்திருந்தது ஆர்லிங்டன் ஓட்டலில் என்பதால் வெர்ஜீனியா தனியாக வழக்குப் போடலாம் என்றும் எங்கள் குழுவில் ஒரு நண்பர் சொல்கிறார். நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுக்க நினைக்கிறோம். ஒரே செயலுக்கு இரண்டு தடவை விசாரிக்கக் கூடாது என்றுதானே ஊரில் படித்தோம்? மனு கொடுப்பதில் பலன் உண்டா? யாரிடம், எப்படிக் கொடுப்பது?

பதில்:

உங்கள் நண்பர் சொன்ன முதல் பாதி முழுக்கச் சரி. இரண்டாம் பாதியில்தான் சிக்கல். மாநிலத்தின் கையைக் கட்டுவது அதிபரின் மன்னிப்பு அல்ல, வெர்ஜீனியாவின் சொந்தச் சட்டம். இதைத் தெரிந்துகொள்ளாமல் மனு எழுதினால் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் முதல் பக்கத்தைத் தாண்டி யாரும் படிக்க மாட்டார்கள்.

முதலில் ஊரில் படித்ததைப் பார்ப்போம். இந்தியாவில் ஒரே தண்டனைச் சட்டம்தான். மாநிலக் காவல்துறை பிடித்தாலும் சி.பி.ஐ. பிடித்தாலும் அதே பிரிவுகள், அதே நீதிமன்ற அடுக்கு. அதனால் ஒருமுறை விசாரித்தால் முடிந்தது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனி இறையாண்மை கொண்டது. அதற்கென்று தனிக் குற்றச் சட்டம், தனி நீதிமன்றம், தனிச் சிறை. ஒரே செயல் இரண்டு அரசுகளின் சட்டத்தை மீறினால் அது இரண்டு குற்றம். 1959-ல் உச்ச நீதிமன்றம் பார்ட்கஸ் வழக்கில் இதை உறுதிசெய்தது: கொள்ளை வழக்கில் ஃபெடரல் (மத்திய அரசு) ஜூரி விடுதலை செய்த ஒருவரை இல்லினாய் மாநிலம் அதே சம்பவத்துக்காக மறுபடி விசாரித்துத் தண்டித்தது, அது செல்லும் என்றார்கள். 2019-ல் கேம்பிள் வழக்கில் இந்தக் கோட்பாட்டைக் கைவிடும்படி கேட்டபோதும் 7-க்கு 2 என்ற கணக்கில் மறுத்துவிட்டார்கள்.

மன்னிப்புக்கும் இதே கோடுதான் எல்லை. அரசியல் சாசனம் அதிபருக்குக் கொடுத்திருப்பது ஐக்கிய அமெரிக்காவுக்கு எதிரான குற்றங்களை மன்னிக்கும் அதிகாரம் மட்டும். 2025 ஜனவரி 20 அன்று சுமார் 1,500 பேருக்கு முழு மன்னிப்பும், 14 பேருக்குத் தண்டனைக் குறைப்பும் கிடைத்தன. நிலுவையில் இருந்த வழக்குகளைக் கைவிடவும் உத்தரவானது. ராஜத்துரோகச் சதிக்காக 22 ஆண்டு பெற்ற ப்ரவுட் பாய்ஸ் குழுத் தலைவர் என்ரிக்கே டாரியோ முழு மன்னிப்புப் பட்டியலில் இருந்தார். 18 ஆண்டு பெற்ற ஓத் கீப்பர்ஸ் தலைவர் ஸ்டூவர்ட் ரோட்ஸுக்குக் கிடைத்தது தண்டனைக் குறைப்பு. அவர் வெளியே வந்துவிட்டார், ஆனால் அந்த உத்தரவு தீர்ப்பை அழிக்கவில்லை. இவற்றில் எதுவும் எந்த மாநிலத்தின் குற்றப் பட்டியலையும் தொடவில்லை.

அப்படியிருந்தும் கேப்பிடலுக்குள் நடந்ததற்கு ஏன் மாநில வழக்கே வரவில்லை? கேப்பிடல் எந்த மாநிலத்திலும் இல்லை. வாஷிங்டன் டி.சி.யில் பெரியவர்களின் கடுங்குற்றங்களை, உள்ளூர்ச் சட்டப்படியான குற்றமாக இருந்தாலும், நடத்துபவர் அதிபரால் நியமிக்கப்படும் ஃபெடரல் அட்டர்னிதான் (அரசு வழக்கறிஞர்). டி.சி. உள்ளூர்ச் சட்டக் குற்றங்களையும் அதிபர் மன்னிக்கலாம். தனி இறையாண்மை இல்லாத இடம் என்பதால் அங்கே இரண்டாவது கதவே கிடையாது. அன்று சுமார் 140 காவலர்கள் தாக்கப்பட்டார்கள். வெர்ஜீனியாவிலிருந்தும் காவலர்கள் உதவிக்குப் போனார்கள். ஆனால் அடிபட்டவர் எந்த ஊர்க்காரர் என்பது கணக்கில்லை, அடி விழுந்த இடம்தான் கணக்கு. ஆகவே கேப்பிடல் படிக்கட்டிலும் கூடங்களிலும் நடந்ததை உங்கள் மனுவிலிருந்து அடியோடு எடுத்துவிடுங்கள். அந்தக் காணொளிகளைப் பார்த்தவர்களுக்கு இது வலிக்கும் என்று தெரியும். வேறு வழி இல்லை.

மிஞ்சுவது பொட்டோமாக் ஆற்றுக்கு இந்தப் பக்கம், வெர்ஜீனியாவில் நடந்தவை. இங்கேதான் வெர்ஜீனியா சட்டத் தொகுப்பின் 19.2-294 பிரிவு குறுக்கே நிற்கிறது. ஒரே செயல் மாநிலச் சட்டத்தையும் ஃபெடரல் சட்டத்தையும் மீறினால், ஃபெடரல் வழக்கு மாநில வழக்குக்குத் தடை என்கிறது அது. உச்ச நீதிமன்றம் கொடுத்த அனுமதியை வெர்ஜீனியா சட்டமன்றம் தானாகவே கைவிட்டிருக்கிறது. பென்சில்வேனியாவிலும் ஏறக்குறைய இப்படியொரு சட்டம் உண்டு. நியூயார்க்கிலும் உண்டு. டிரம்பின் முன்னாள் பிரசாரத் தலைவர் பால் மனஃபோர்ட் மீது மன்ஹாட்டனில் போட்ட மாநில வழக்கு 2019 டிசம்பரில் இதனால்தான் தள்ளுபடியானது. அதே ஆண்டு நியூயார்க் தன் சட்டத்தைத் திருத்தி, அதிபரின் மன்னிப்பு பெற்றவர்களுக்கு ஒரு விலக்கு வைத்தது. அதுவும் அதிபரின் உறவினர், அவரிடம் வேலை பார்த்தவர் என்ற நெருங்கிய வட்டத்துக்குத்தான். வெர்ஜீனியாவில் மன்னிப்புக்கென்று அப்படி ஒரு விலக்கு இல்லை. மன்னிப்பு வந்தால் தண்டனை போகும், ஆனால் வழக்கு நடந்தது என்ற உண்மை போகாது. தடைக்கு அது போதும்.

ஆனால் இந்தப் பிரிவில் மூன்று இடைவெளிகள் இருக்கின்றன. உங்கள் மனு நிற்க வேண்டுமானால் அவற்றில் ஒன்றில்தான் நிற்க வேண்டும்.

ஃபெடரல் வழக்கு எப்போது தொடங்கியதாகக் கொள்வது என்பது முதல் இடைவெளி. குற்றப்பத்திரிகை வந்ததும் அல்ல. ஜூரி உறுதிமொழி எடுத்தபோது, ஜூரி இல்லாத விசாரணையில் முதல் சாட்சி உறுதிமொழி எடுத்தபோது, அல்லது குற்றத்தை ஒப்புக்கொண்டதை நீதிபதி ஏற்றபோதுதான் தடை உயிர்பெறும். நடைமுறையில் இது எப்படி வேலை செய்யும் என்பதற்கு வெர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில் நகரம்தான் நல்ல உதாரணம். 2017 ஆகஸ்டில் அங்கே கூட்டத்துக்குள் காரை ஓட்டி ஒரு பெண்ணைக் கொன்றவர் மீது ஃபெடரல் குற்றப்பத்திரிகை 2018 ஜூனிலேயே வந்துவிட்டது. ஆனால் மாநில ஜூரி முதல்நிலைக் கொலை என்று 2018 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஃபெடரல் நீதிமன்றத்தில் 29 வெறுப்புக் குற்றங்களை அவர் ஒப்புக்கொண்டது 2019 மார்ச்சில்தான். இரண்டு தண்டனையும் நிலைத்தன: ஃபெடரல் ஆயுள், மாநிலத்தில் ஆயுளும் 419 ஆண்டும். முதலில் ஓடியது மாநிலம். இப்போது ஜனவரி 6 வழக்குகளுக்கு வாருங்கள். மன்னிப்பு உத்தரவு வந்த நாளில் நூற்றுக்கணக்கான வழக்குகள் விசாரணைக்கு வராமல் நின்றிருந்தன. ஜூரி அமராமலே கைவிடப்பட்ட அந்த ஆட்களுக்கு 19.2-294 பாதுகாப்புக் கொடுக்காது. ரோட்ஸ், டாரியோ போல முழு விசாரணை முடிந்தவர்களுக்குக் கொடுக்கும். மனுவில் பிரபலமான பெயர்களை எழுதத் தோன்றும். சட்டப்படி மிகவும் பலவீனமான பெயர்கள் அவைதான்.

இரண்டாவது, ‘ஒரே செயல்’ என்ற சொல். பிரிவு குற்றத்தின் பெயரைப் பார்ப்பதில்லை, செயலைப் பார்க்கிறது. கேப்பிடலுக்குள் நுழைந்தது ஒரு செயல், அதற்கு முன் வெர்ஜீனியாவில் செய்தது வேறு செயல் என்று வாதிடலாம். சாதாரணமாக உள்ளே நுழைந்ததற்காக மட்டும் தண்டனை பெற்றவர் விஷயத்தில் இந்த வாதம் பலமானது. ராஜத்துரோகச் சதி வழக்கில் இருந்தவர்கள் விஷயத்தில் பலவீனமானது. ஏனென்றால் ஆர்லிங்டன் துப்பாக்கிகளை ஃபெடரல் அரசே அந்தச் சதியின் ஒரு பகுதியாக ஜூரி முன் வைத்துவிட்டது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் நாளே அந்தப் பக்கங்களை நீட்டுவார்.

மூன்றாவது, பயங்கரவாதச் செயல் சம்பந்தப்பட்ட குற்றங்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. மிரட்டி ஓர் அரசின் நடவடிக்கையை மாற்றும் நோக்கம் இருந்தால் மட்டும் போதாது. கொலை, ஆள்கடத்தல், வன்மத்துடன் கொடுங்காயம், தீவைப்பு போன்ற வன்செயல் ஒன்று அடித்தளமாக இருக்க வேண்டும். துப்பாக்கி ஓட்டல் அறையிலேயே இருந்தது என்ற உண்மையை வைத்து அங்கே போய்ச் சேருவது கடினம்.

தடையைத் தாண்டினால் அடுத்த கேள்வி: வெர்ஜீனியாவில் நடந்த குற்றம்தான் எது? உங்கள் நண்பர் யோசிக்காத இடம் இது. ஓட்டல் அறையில் ரைஃபிள் வைத்திருப்பது வெர்ஜீனியாவில் குற்றமல்ல. டி.சி.யின் ஆயுதச் சட்டம் கடுமையானது என்பதால்தான் அவற்றை ஆற்றுக்கு இந்தப் பக்கம் நிறுத்தினார்கள். எனவே ‘எங்கள் மாநிலத்தில் ஆயுதம் குவித்தார்கள்’ என்ற வாக்கியம் கோபத்தைச் சொல்கிறது, குற்றத்தைச் சொல்லவில்லை. கலவரத்துக்கான ஆயுதப் பயிற்சியைத் தடைசெய்யும் 18.2-433.2 பிரிவும் பயிற்சி கொடுத்ததை, பயிற்சிக்காகக் கூடியதைப் பற்றியது. சேமித்து வைத்ததைப் பற்றியது அல்ல.

கைகொடுக்கக்கூடியது 18.2-22, சதிப் பிரிவு. வெர்ஜீனியாவுக்குள் இருந்துகொண்டு, மாநிலத்துக்கு உள்ளேயோ வெளியேயோ ஒரு ஃபெலனி (கடுங்குற்றம்) செய்ய இருவர் உடன்பட்டால் அதுவே குற்றம். வெளியே செய்யப்போகும் குற்றத்தையும் இது தொடுகிறது என்பதைக் கவனியுங்கள். உடன்பாட்டுக்குப் பிறகு எதையும் செய்திருக்க வேண்டியதும் இல்லை, உடன்பட்டதோடு குற்றம் முழுமையாகிவிடும். ஆனால் உடன்பாடு வெர்ஜீனியாவுக்குள் உருவானது என்று காட்ட வேண்டும். ஓத் கீப்பர்ஸ் ஆட்கள் பேசிக்கொண்டது பெரும்பாலும் சிக்னல் செயலியில், வெவ்வேறு மாநிலங்களில் இருந்தபடி. டெக்சாஸில் இருப்பவரும் ஃபுளோரிடாவில் இருப்பவரும் போனில் உடன்பட்டுவிட்டு ஆர்லிங்டனில் தூங்க மட்டும் வந்தார்கள் என்றால் சதி பிறந்த இடம் எது? ஓட்டல் கார் நிறுத்துமிடத்தில், அறையில், ஜனவரி 5 இரவில் புதிதாக ஒரு திட்டத்துக்கு இருவர் சம்மதித்தார்கள் என்பதற்கு ஒரு சாட்சியோ செய்தியோ இருந்தால் உங்கள் மனுவின் தங்கம் அதுதான்.

காலக்கெடு உங்கள் பக்கம். ஃபெடரல் குற்றங்கள் பெரும்பாலானவற்றுக்கு 5 ஆண்டு, அது 2026 ஜனவரியில் முடிந்துவிட்டது. வெர்ஜீனியாவில் ஃபெலனிக்குக் காலக்கெடு கிடையாது. சார்லட்ஸ்வில் பல்கலைக்கழக வளாகத்தில் 2017-ல் தீப்பந்தம் ஏந்தி மிரட்டியவர்கள் மீது ஆல்பமார்ல் கவுன்ட்டி 2023-ல் குற்றப்பத்திரிகை கொண்டுவர முடிந்ததும் இதனால்தான். மிஸ்டிமீனர் எனப்படும் சிறு குற்றங்களுக்குப் பொதுவாக ஓராண்டுதான் என்பதால் அவற்றைப் பற்றி எழுத வேண்டாம்.

மாநில வழக்கு என்றால் சுலபமாக ஜெயிக்கும் என்ற நினைப்பும் வேண்டாம். 2020 தேர்தலில், தாங்களே எலெக்டர்கள் (மாநிலத்தின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்கள்) என்று போலிச் சான்றிதழ் கொடுத்தவர்கள் மீது மாநிலங்கள் தொடுத்த வழக்குகளைப் பாருங்கள். நெவாடாவில் 6 பேர் மீது லாஸ் வேகஸ் இருக்கும் கிளார்க் கவுன்ட்டியில் வழக்குப் போட்டார்கள். சான்றிதழில் கையெழுத்திட்டது கார்சன் சிட்டியில். தவறான இடம் என்று 2024 ஜூனில் கீழ் நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2025 நவம்பரில்தான் மாநில உச்ச நீதிமன்றம் அதை மீட்டது. அரிசோனாவில் 1887-ஆம் ஆண்டின் எலெக்டர் எண்ணிக்கைச் சட்டத்தின் வாசகத்தைக் கிராண்ட் ஜூரிக்கு (குற்றம்சாட்டலாமா என்று முடிவுசெய்யும் குழு) காட்டவில்லை என்று 2025 மே மாதம் வழக்கைத் திருப்பி அனுப்பினார் நீதிபதி. மிச்சிகனில் 2025 செப்டம்பரில், ஏமாற்றும் எண்ணம் இருந்ததாக நிரூபிக்கவில்லை என்று வழக்கே முடிக்கப்பட்டது. ஜார்ஜியாவில் 19 பேர் மீது 41 குற்றச்சாட்டோடு தொடங்கிய பெரிய வழக்கில் 4 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பிறகு அரசு வழக்கறிஞர் தகுதிநீக்கம் செய்யப்பட்டு, கைமாறி, 2025 நவம்பரில் மொத்தமும் கைவிடப்பட்டது. இவற்றில் எதையும் அதிபரின் மன்னிப்பு முடிக்கவில்லை. இடம், கிராண்ட் ஜூரி நடைமுறை, எண்ணத்தை நிரூபிப்பது, வழக்கறிஞரின் நடத்தை என்று ஒவ்வொன்றும் உள்ளேயே இடறியது.

நல்ல உதாரணமும் மிச்சிகனில்தான் இருக்கிறது. கவர்னர் விட்மரைக் கடத்தும் சதியில் 2020 அக்டோபரிலேயே இரண்டு அரசுகளும் ஆட்களைப் பிரித்துக்கொண்டன. ஃபெடரல் தரப்பு 6 பேரை எடுத்தது. இருவர் ஒப்புக்கொண்டார்கள், இருவர் விடுதலை, இருவர் மறுவிசாரணையில் தண்டனை பெற்றார்கள். மாநிலம் 8 பேரை எடுத்து, தன்னுடைய 2002-ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பயன்படுத்தியது. சதித் தலைவர்களுக்குப் பயிற்சியிடமும் உதவியும் கொடுத்த மூவரை ஜாக்சன் கவுன்ட்டி ஜூரி 2022-ல் குற்றவாளிகள் என்றது. உள்நாட்டுப் பயங்கரவாதம் என்ற தனிக் குற்றம் ஃபெடரல் சட்டத்தில் இல்லாத இடத்தில் மாநிலச் சட்டம் போய்ச் சேர்ந்தது. ஒரே ஆளை இருமுறை விசாரிக்கும் சிக்கலும் எழவில்லை. வெர்ஜீனியாவிலும் யாரும் தொடாத ஆளைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம்: துப்பாக்கிகளை ஏற்றிவந்தவர், காவல் இருந்தவர், அறை எடுத்துக் கொடுத்தவர் என்று ஃபெடரல் வழக்கில் சேர்க்கப்படாதவர்கள்.

ஆதாரத்துக்கு வருவோம். ஃபெடரல் விசாரணைகளில் ஜூரி முன் வைத்த ஆவணங்கள் நீதிமன்றப் பதிவில் இருக்கின்றன. நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் 2022 டிசம்பர் அறிக்கையும் சாட்சிகளின் எழுத்துப் பதிவுகளும் அரசு வெளியீட்டுத் தளத்தில் கிடைக்கும். ஜனவரி 6 வழக்குகளின் பட்டியலை ஃபெடரல் அரசின் நீதித்துறை (ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்) தன் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது. ஆகவே வழக்கு எண்ணையும் ஆவண எண்ணையும் நீதிமன்றப் பதிவிலிருந்து நேரடியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஆவணம் கிடைப்பது ஒன்று, அதை மாநில நீதிமன்றத்தில் நிரூபிக்க எஃப்.பி.ஐ. அதிகாரி வந்து சாட்சி சொல்வது வேறு. நீதித்துறையின் அனுமதி இல்லாமல் அவர் வர முடியாது, மாநில நீதிபதி கட்டாயப்படுத்துவதும் மிகக் கடினம். இன்றைய நீதித்துறை அந்த அனுமதியைத் தரும் என்று நம்பி வழக்கைக் கட்டக் கூடாது. ஓட்டல் பதிவேடு, கேமரா பதிவு, உள்ளூர்ச் சாட்சிகள் என்று மாநிலம் தானே பெறக்கூடிய ஆதாரத்தைச் சுட்டுங்கள்.

யாரிடம் கொடுப்பது? நீங்கள் ஃபேர்ஃபாக்ஸில் இருந்தாலும் செயல் நடந்தது ஆர்லிங்டனில். மனு ஆர்லிங்டன் கவுன்ட்டியின் அரசு வழக்கறிஞரான காமன்வெல்த் அட்டர்னிக்குப் போக வேண்டும். இவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். மாநில அட்டர்னி ஜெனரலுக்கு வெர்ஜீனியாவில் பொதுவான குற்றவழக்கு அதிகாரம் இல்லை, பெரும்பாலும் கவர்னர் கேட்டுக்கொண்டால்தான் நுழைய முடியும். அவருக்கு ஒரு பிரதி போதும். நேராக மாஜிஸ்ட்ரேட்டிடம் போய்ப் புகார் கொடுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். பொதுமக்கள் புகாரின்மேல் ஃபெலனிக்கு வாரண்ட் கொடுக்க, காமன்வெல்த் அட்டர்னி அல்லது காவல்துறையின் முன் அனுமதி வேண்டும். சுற்றி அதே மேசைக்குத்தான் வருவீர்கள்.

மனு இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். நாற்பது கையெழுத்தைவிடச் சரியான ஒரு பத்தி அதிகம் பேசும். எந்த நாள், ஆர்லிங்டனில் எந்த இடம், யார் யாரோடு எதற்கு உடன்பட்டார். எந்த வெர்ஜீனியா பிரிவு. அந்த நபர் மீது ஃபெடரல் வழக்கு இருந்ததா, இருந்தால் ஜூரி அமர்ந்ததா, ஒப்புதல் ஏற்கப்பட்டதா. ஆதாரம் எந்த வழக்கின் எந்த ஆவணம். இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொரு பெயருக்கும் விடை எழுதுங்கள். விடை கிடைக்காத பெயரை எடுத்துவிடுங்கள். தண்டனை பெறாத யாரையும் ‘குற்றவாளி’ என்று எழுத வேண்டாம், வாட்ஸ்அப்பில் பெயர்ப் பட்டியலைச் சுற்றவிடவும் வேண்டாம். அவதூறு வழக்கு உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் கையெழுத்திடலாம், மனு கொடுக்கும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமானது அல்ல.

மனுவோடு இன்னொரு கடிதத்தையும் எழுதுங்கள் என்பேன். அது உங்கள் தொகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்கும் மாநில செனட்டருக்கும். அதிபரின் மன்னிப்பு வந்த இடத்தில் தடை விலகும்படி 19.2-294-ஐத் திருத்தக் கேளுங்கள், நியூயார்க்கின் 2019 திருத்தத்தை முன்மாதிரியாகக் காட்டுங்கள். ஏற்கெனவே தடைக்குள் வந்துவிட்டவர்களைப் பின்னோக்கிப் பிடிக்க அது உதவும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. அடுத்த முறை ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஆயுதம் நிறுத்துபவர்களுக்கு அது பொருந்தும். வெர்ஜீனியா சட்டமன்றம் ஜனவரி இரண்டாம் புதன்கிழமை கூடும். மசோதாவை எழுதும் வேலை அதற்குப் பல வாரம் முன்பே தொடங்கிவிடும் என்பதால் இந்தக் கடிதம் செப்டம்பருக்குள் போய்ச் சேர வேண்டும்.

காமன்வெல்த் அட்டர்னி வழக்குப் போட்டே ஆக வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது, முடிவு அவருடையது. மனுவைச் சான்றளிக்கப்பட்ட அஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அறுபது நாளில் பதில் இல்லையென்றால், மனு எந்த உதவி அட்டர்னியிடம் இருக்கிறது என்று மட்டும் கேட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்.